விசைக்கும் வினைக்கும் இடையே

பனி பெய்யும் தேசங்களில் மோட்டார் காரின் இருக்கையைச் சூடேற்றும் ஏற்பாடு வெறும் ஆடம்பரம் அன்று. இரவெல்லாம் திறந்த வெளியில் நின்று குளிர்ந்து கிடக்கும் வண்டிக்குள் விடியற்காலையில் ஏறி அமரும் ஒருவருக்கு, எஞ்சின் சூடேறி உள்ளே கதகதப்பான காற்று வருவதற்கு முன்னால், முதுகுக்கும் இடுப்புக்கும் கிடைக்கும் அந்தச் சிறு வெம்மைதான் பிரயாணத்தின் முதற் பத்து நிமிஷங்களைச் சகிக்கத்தக்கதாகச் செய்கிறது. அதன் தத்துவமோ மிக எளியது. இருக்கையின் உறைக்குக் கீழே மெல்லிய கம்பி ஒன்று வளைந்து வளைந்து ஓடுகிறது. அதில் மின்சாரம் பாயும்போது கம்பியின் தடையினால் உஷ்ணம் பிறக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும் என்று ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1840-களின் தொடக்கத்திலேயே அளந்து சொல்லிவிட்டார். ஒரு கம்பி, ஒரு பாட்டரி, இரண்டையும் இணைக்க ஒரு விசை, இவற்றுக்கு மேல் அங்கே தேவையானது எதுவும் இல்லை.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜெர்மனியின் மூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.டபிள்யூ நிறுவனம், தென்கொரியா, பிரிட்டன் முதலிய சில தேசங்களில் இந்த இருக்கைச் சூட்டை மாதச் சந்தாவுக்கு வழங்குகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. கொரியாவில் மாதத்துக்குச் சுமார் 18 டாலர். பிரிட்டனில் 15 பவுண்டு. கம்பி பதித்தே தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டியில், சந்தா கட்டியவருக்கு அது சூடேறும். கட்டாதவருக்கு அதே கம்பி அதே இருக்கைக்குள் பயனற்றுக் கிடக்கும். வாங்கும்போதே மொத்தமாக விலை கொடுத்து அந்த வசதியைப் பெறும் வழி உண்டென்றும், சந்தா என்பது பின்னர் மனம் மாறுகிறவர்களுக்கும் வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு சௌகரியமே என்றும் நிறுவனம் விளக்கம் சொல்லிற்று. ஆயினும் மக்களின் கோபம் அடங்கவில்லை. மறு வருஷம் செப்டம்பரில், அந்த நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பை வகித்த இயக்குநரே, இருக்கைச் சூட்டுக்கான சந்தாவைக் கைவிட்டுவிட்டதாக அறிவித்தார். ஒரே பொருளுக்கு இரு முறை விலை கொடுப்பதாக வாடிக்கைக்காரர்கள் உணர்கிறார்கள் என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

அந்தக் கோபத்தைப் பணத்தைப் பற்றிய கோபமாக மட்டும் எண்ணிவிடலாகாது. இன்றைய காரைப் பற்றி ஓட்டுகிறவர்கள் சொல்லும் குறைகள் பல: கண்ணாடித் திரைக்குள் ஒளிந்துகொண்ட பொத்தான்கள், காரணமின்றி அலறும் எச்சரிக்கை மணிகள், எங்கே போனோம் எவ்வளவு வேகத்தில் போனோம் என்பதையெல்லாம் குறித்து அனுப்பும் கருவிகள், சந்தா தீர்ந்ததும் நின்றுபோகும் வசதிகள். இவை தனித்தனி வியாதிகளைப் போலத் தோன்றினும், என் அபிப்பிராயத்தில், அனைத்துக்கும் மூலம் ஒன்றே. நம் கை தொடும் விசைக்கும், அதனால் நிகழவேண்டிய வினைக்கும் இடையே, முன்பு ஒரு கம்பி மட்டும் இருந்த இடத்தில், இப்பொழுது கணக்கிட்டுத் தீர்மானிக்கும் ஒரு சாதனம் வந்து அமர்ந்திருக்கிறது. அது எவ்வாறு வந்தது, எதற்காக வந்தது, வந்தபின் யாருக்குக் கீழ்ப்படிகிறது என்பவற்றை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

வந்த காரணம் நல்ல காரணம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980-களில் உயர்தரக் கார் ஒன்றுக்குள் ஓடிய செப்புக் கம்பிகளின் நீளம் கிலோமீட்டர் கணக்கில் வளர்ந்துவிட்டது. கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு கம்பி, விளக்குக்கு ஒன்று, துடைப்பானுக்கு ஒன்று, எஞ்சினின் உஷ்ணத்தைக் காட்ட ஒன்று என்று ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தபடியால், அந்தக் கம்பிக் கட்டு கனத்தது, விலை ஏறிற்று, எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடாயிற்று. ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனத்துப் பொறியாளர்கள் 1983-இல் இதற்கு ஒரு தீர்வு காண முற்பட்டு, 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கூடிய பொறியாளர் மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். 'கேன்' என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் அந்த முறையில், முறுக்கிய இரண்டே கம்பிகள் வண்டி முழுவதும் ஓடுகின்றன. ஆங்காங்கே உள்ள சிறு கணிப்பொறிகள் யாவும் அவ்விரண்டிலேயே தொங்கிக்கொண்டு, தங்கள் செய்திகளை அதே பாதையில் அனுப்புகின்றன.

பலர் ஒரே பாதையில் பேசினால் குழப்பம் விளையாதா? அங்கேதான் அந்தப் பொறியாளர்களின் புத்தி நுட்பம் வியக்கத்தக்கதாக இருக்கிறது. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்குகிறது. எண் சிறிதானால் செய்தி முக்கியமானது. இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால், இரண்டும் தத்தம் எண்ணைப் பூஜ்யமும் ஒன்றுமாக வரிசையாக அனுப்பும். ஒன்று '1' என்றும் மற்றது '0' என்றும் அனுப்பும் கணத்தில், கம்பியின் மின் அமைப்பினால் '0' தான் நிலைக்கும். '1' அனுப்பிய கருவி, தான் அனுப்பியது கம்பியில் இல்லை என்பதை உடனே உணர்ந்து மௌனமாகிவிடும். வென்றவனின் செய்தி ஓர் எழுத்தும் சிதையாமல் மேலே செல்லும். நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் தேவையில்லை. சக்கரத்தை நிறுத்தும் தடையைப் பற்றிய செய்தியும் கண்ணாடியை இறக்கும் செய்தியும் ஒருங்கே எழுந்தால், தடை முந்திக்கொள்ளும். 1991 முதல் மெர்ஸிடிஸ் பென்ஸின் பெரிய கார்களில் இடம் பெற்ற இம்முறை, இன்று உலகத்துக் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. பூட்டிக்கொள்ளாத தடைகளும், வழுக்கும் சாலையில் வண்டியை நேர்நிறுத்தும் ஏற்பாடும், விபத்தின் கணத்தில் விரியும் காற்றுப் பையும் ஒன்றோடொன்று பேசிச் செயல்பட்டு எண்ணிறந்த உயிர்களைக் காத்து வருவதில் இத்தகைய கம்பிகளுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மாறுதலோடு, யாரும் அப்பொழுது பெரிதாகக் கவனியாத வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. முன்பு இருக்கையின் விசையை அழுத்தினால், அழுத்திய கையே மின்சுற்றை மூடியது. மின்சாரத்துக்குப் பாய்வதைத் தவிர வேறு வழியில்லை. இப்பொழுது விசையை அழுத்துவது ஒரு விண்ணப்பம் செய்வதற்கு ஒப்பாகும். 'இவர் சூடு கேட்கிறார்' என்ற செய்தி கம்பியில் செல்கிறது. அதைப் பெறும் கணிப்பொறி, பாட்டரியில் போதிய சக்தி உண்டா, எஞ்சின் ஓடுகிறதா, இருக்கையில் யாரேனும் அமர்ந்திருக்கிறார்களா என்று சோதித்துவிட்டு, மின்சாரத்தை விடுகிறது. இந்தச் சோதனைகள் நியாயமானவை. ஆயின், மூன்று கேள்விகளைக் கேட்கக்கூடிய ஒரு சாதனம் நான்காவதாக 'இவர் சந்தா கட்டியிருக்கிறாரா?' என்று கேட்பதற்குப் புதிய கம்பியோ புதிய கருவியோ வேண்டியதில்லை. அதன் நினைவில் ஒரே ஒரு பூஜ்யம் அல்லது ஒன்று போதும்.

அந்தப் பூஜ்யத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்யமாகவும் தொலைவிலிருந்தே மாற்றும் வசதியைத் தந்தது வண்டிக்குள் பொருத்தப்பட்ட கைபேசிக் கருவி. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல், புதிதாக அங்கீகாரம் பெறும் ஒவ்வொரு கார் வகையிலும், விபத்து நேர்ந்தால் தானாகவே அவசர உதவி எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லும் கருவி இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த விதி நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆள் நடமாட்டமற்ற சாலையில் கவிழ்ந்த வண்டிக்குள் நினைவிழந்து கிடப்பவருக்காக வண்டியே குரல் கொடுப்பது மகத்தான காரியம். எனினும் உயிர் காக்க வந்த வானொலி அலை வேறு வியாபாரங்களுக்கும் வழி திறக்கக்கூடியது என்பதையும், தொடர்பு ஒரு முறை உண்டாகிவிட்டால் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபிறகும் தொழிற்சாலையின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம். 2016-இல் அது விற்ற சில மின்சாரக் கார்களில் 75 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி பொருத்தப்பட்டு, 60 மட்டுமே பயன்படும்படி மென்பொருளால் எல்லை கட்டப்பட்டிருந்தது. மேற்கொண்டு பணம் கட்டினால் எல்லை விலகும். 2017 செப்டம்பரில் இர்மா என்ற பெரும் புயல் ஃபுளோரிடாவை நோக்கி வந்தபோது, மக்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் தப்பிச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வமயம் அந்த நிறுவனம், அப்பிரதேசத்தில் இருந்த கார்களின் எல்லையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, சுமார் 30, 40 மைல்கள் கூடுதலாக ஓட வழி செய்தது. கருணையுள்ள செயல், அதைக் குறை கூறுவது நன்றன்று. ஆயினும், தன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி நேற்று இருந்ததைவிட இன்று அதிக தூரம் ஓடுகிறது என்பதையும், புயல் ஓய்ந்தபின் மறுபடி பழையபடி குறைந்துவிடும் என்பதையும் கண்ட அந்த மக்களுக்கு, தாம் வாங்கிய பொருளின் மீது தமக்குள்ள உரிமை எத்தகையது என்ற கேள்வி அன்றுதான் பிரத்தியட்சமாக எழுந்திருக்க வேண்டும்.

எல்லை கட்டப்பட்ட அந்த 15 கிலோவாட்-மணி வெறும் எண்ணன்று. அக்காலத்து லித்தியம் மின்கலங்களில் அவ்வளவு சக்தியைத் தேக்கிவைக்க ஏறத்தாழ 60 கிலோகிராம் எடையுள்ள கலங்கள் வேண்டும். ஆகவே, தமக்கு அனுமதியில்லாத ஒரு சுமையை, வளர்ந்த மனிதர் ஒருவரின் எடைக்குச் சமமானதை, ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த உரிமையாளர் தம் செலவிலேயே இழுத்துச் செல்கிறார். நியாயமாகப் பார்த்தால் ஒரு நன்மையும் உண்டு: முழுக் கொள்ளளவுக்கு நிரப்பப்படாத மின்கலங்கள் மெதுவாகவே மூப்படைகின்றன, பயன்படாமல் கிடந்த பகுதி, பயன்பட்ட பகுதியின் ஆயுளை நீட்டித்திருக்கும். இருக்கைச் சூட்டுக் கம்பிக்கு இத்தகைய சமாதானம்கூட இல்லை.

இவ்வழியில் மற்றவர்களும் நடந்தார்கள். மெர்ஸிடிஸ் நிறுவனம் 2022-இன் இறுதியில் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் கட்டினால் அதிக விரைவாக வேகம் பிடிக்கும் சக்தியைத் திறந்துவிடுவதாக அறிவித்தது; மோட்டாரில் எதையும் மாற்றவில்லை, அதற்கு மின்சாரம் வழங்கும் கட்டளையை மட்டும் மாற்றுகிறது. வோக்ஸ்வாகன் 2025-இல் பிரிட்டனில் ஐ.டி.3 என்ற காரின் முழுச் சக்தியையும் பெற மாதம் 16 பவுண்டு 50 பென்ஸ் என்று விலை வைத்தது. நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஒரே காரைப் பத்து விதமாகச் செய்தால் பத்து விதக் கம்பிக் கட்டுகளும் பத்து விதச் சேமிப்புக் கிடங்குகளும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே விதமாகச் செய்து, வேற்றுமையை மென்பொருளில் வைத்தால் செலவு குறைகிறது. இந்தக் கணக்கு மெய்யே. ஆனால், குறைந்த செலவின் பயன் வாங்குபவருக்கு விலைக் குறைவாக வந்து சேரவேண்டியதற்குப் பதிலாக, அவரிடமிருந்து மாதந்தோறும் வசூலிக்கும் உபாயமாக மாறும்போது, அந்தக் கணக்கைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த இயலாது. பெட்ரோல், சாலை வரைபடம், ஓயாமல் புதுப்பிக்க வேண்டிய போக்குவரத்துச் செய்தி போன்ற தொடர்ந்து செலவு வைப்பவற்றுக்குத் தொடர்ந்து விலை கொடுப்பதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஒரு முறை செய்து வைத்த கம்பிக்கு மாதாமாதம் விலை கேட்பதே மனத்தை உறுத்துகிறது.

இனி, கண்ணாடித் திரைக்கு வருவோம். காருக்குள் தொடுதிரை புதிதன்று. 1986-இலேயே அமெரிக்காவின் பியூக் ரிவியரா என்ற காரில், அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் குழாயைப் போன்ற ஒரு திரை வைத்து, குளிர்சாதனத்தையும் வானொலியையும் அதைத் தொட்டே இயக்கும்படி செய்தார்கள். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவேண்டியிருக்கிறது என்று மக்கள் குறைபட, சில ஆண்டுகளில் அது மறைந்தது. 2012-இல் டெஸ்லா 17 அங்குலத் திரையோடு ஒரு காரை வெளியிட்டபின் காற்று திசைமாறிற்று. பத்தாண்டுக்குள் உலகத்துக் கார்களில் பல தம் பொத்தான்களைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டன. அழகு ஒரு காரணம். சிக்கனம் பெரிய காரணம். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு, தனி விளக்கு, தனிக் கம்பி, தனிச் சோதனை உண்டு. திரைக்கோ ஒரு கண்ணாடி போதும், மற்றதெல்லாம் எழுதிக்கொள்ளலாம்.

நம் உடலின் அமைப்பு இதற்கு இசையவில்லை. மனிதக் கண்ணின் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் மறைக்கும் அகலத்துக்குச் சற்று அதிகமே, ஒரு கணத்தில் நாம் தெளிவாகக் காணும் உலகம். மற்றதையெல்லாம் கண் ஓடி ஓடிச் சேகரிக்கிறது. ஆகவே சாலையையும் திரையையும் ஒருங்கே பார்ப்பது இயலாத காரியம். கையோ கண்ணின் துணையின்றியே வேலை செய்ய வல்லது. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள், கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விரல் நுனியின் ஸ்பரிசம், குமிழ் எந்த அளவுக்குத் திரும்பிற்று, 'டக்'கென்று அமர்ந்ததா என்பதை அறிவிக்கிறது. நெடுநாள் பழகிய காரில் இருட்டில் துடைப்பானை முடுக்குகிறவர் தாம் அதைச் செய்ததாகவே உணர்வதில்லை. வழவழப்பான கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. விரல் எங்கே நிற்கிறது என்பதைக் கண்தான் சொல்லவேண்டும். கையின் வேலையைக் கண்ணின் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டோம்.

இதை அளந்து காட்டினார்கள் சுவீடன் தேசத்தில். 'வி பீலேகாரெ' என்ற மோட்டார்ப் பத்திரிகை 2022-இல், புதிய கார்கள் பதினொன்றையும், பொத்தான்கள் மட்டுமே கொண்ட 2005-ஆம் ஆண்டு வால்வோ ஒன்றையும் ஒரு விமான ஓடுபாதைக்குக் கொண்டுசென்று, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சாதாரணக் காரியங்களைச் செய்யச் சொல்லிற்று: இருக்கையைச் சூடாக்குவது, உள்வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டுவது, வானொலியில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது, விளக்கொளியைக் குறைப்பது போன்றவை. கார்களோடு பழகிக்கொள்ள ஓட்டுபவர்களுக்கு அவகாசமும் தரப்பட்டது. பழைய வால்வோவில் எல்லாம் முடிய 10 வினாடிகள் ஆயின. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற புதிய காரில் ஏறத்தாழ 45 வினாடிகள், 1,372 மீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு வினாடியும் வண்டி 30 மீட்டருக்கு மேல் பாய்கிறது என்பதை நினைவில் வைத்து இவ்வெண்களைப் படிக்கவேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட நெறிகளில், ஒரு காரியத்துக்காகக் கண் சாலையை விட்டு ஒரு தடவைக்கு 2 வினாடிக்கு மேலும், மொத்தத்தில் 12 வினாடிக்கு மேலும் விலகலாகாது என்று கூறப்பட்டிருக்கிறது. அந்நெறிகளுக்குக் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லை.

நல்லவேளையாக, இந்த விஷயத்தில் குறை கூறியவர்களின் குரல் வீண்போகவில்லை. கோல்ஃப் காரின் எட்டாம் தலைமுறையில் இரவில் ஒளிராத தொடுபட்டைகளை வைத்த வோக்ஸ்வாகன், பின்னர் அவற்றுக்கு ஒளியூட்டி, ஸ்டியரிங்கிலும் மெய்யான பொத்தான்களை மீண்டும் வைத்தது. கார்களின் பாதுகாப்பை நட்சத்திரங்களால் மதிப்பிடும் 'யூரோ என்கேப்' அமைப்பு, 2026 முதல், திரும்பு விளக்கு, அபாய விளக்கு, ஹார்ன், துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் உணரத்தக்க தனி விசைகள் இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதென்று முடிவு செய்தது. மாஸ்டா நிறுவனம் இதற்கு முன்பே, 2019 மாதிரிகளில், தொடுதிரையைக் கைவிட்டுக் குமிழுக்குத் திரும்பியிருந்ததையும் இங்கே மரியாதையோடு குறிப்பிடவேண்டும்.

எச்சரிக்கை மணிகளின் கதை இதைவிடச் சிக்கலானது. ஏனெனில் அங்கே இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும், வேக எல்லையைக் கண்டறிந்து மீறினால் எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயம். ஓட்டுபவர் அதை நிறுத்திவைக்கலாம். ஆனால் மறுமுறை வண்டியைக் கிளப்பும்போது அது தானாகவே விழித்துக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா பலகைகளைப் படிக்கிறது. நினைவில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிடுகிறது. பக்கத்துத் தெருவுக்காக நட்ட பலகையைத் தனக்கென்று எண்ணியும், லாரியின் முதுகில் ஒட்டிய வேக அடையாளத்தைச் சாலைப் பலகையாகப் பாவித்தும் அது தவறுவதுண்டு. நம் இந்தியாவிலும் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்தால் விட்டு விட்டும், 120-ஐக் கடந்தால் விடாமலும் ஒலிக்கும் மணி கட்டாயமாயிற்று. அது பலகையைப் படிப்பதில்லை; நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் சட்டமே அனுமதி தரும் விரைவுச் சாலையிலும், குழந்தைகள் நடக்கும் ஊர்ச் சாலையிலும் அதற்கு ஒரே கணக்குத்தான்.

மணி அடிப்பது எளிது. உரிய நேரத்தில் மட்டும் அடிப்பது மிக அரிது. இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஓட்டுபவரின் கண்களைப் பார்த்து அவர் உறங்கப்போகிறாரா என்று கண்டுபிடிக்கும் ஒரு கேமராவைக் கற்பனை செய்வோம். மெய்யாகவே கண் சொருகினால் நூற்றுக்கு 95 தடவை அது கண்டுகொள்ளும். விழிப்பாக இருக்கையில் நூற்றுக்கு 5 தடவையே தவறாக எச்சரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிக நல்ல கருவி. ஆனால் 1,000 நிமிஷ ஓட்டத்தில் ஒரே ஒரு நிமிஷமே ஒருவருக்குக் கண் சொருகுகிறது என்றால், அந்த ஒன்றுக்கு ஒரு மெய்யெச்சரிக்கையும், மற்ற 999 நிமிஷங்களில் ஏறக்குறைய 50 பொய்யெச்சரிக்கைகளும் எழும். கருவி கெட்டதல்ல, ஆபத்து அபூர்வமாக இருப்பதே பொய்களைப் பெருக்குகிறது. இந்த உண்மையை, தொலைவில் வரும் விமானத்தைத் திரையில் தேடிய ராடார் காவலர்களின் அனுபவத்திலிருந்து 1950-களில் விஞ்ஞானிகள் ஒரு முழுச் சாஸ்திரமாக வளர்த்தார்கள். ஐம்பது பொய்களுக்குப் பிறகு வரும் மெய்யை மனிதன் எவ்வாறு வரவேற்பான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம், பழுது பார்க்க வந்த கார்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. முன்னால் மோதப்போவதைத் தடுக்கும் ஏற்பாட்டை நூற்றுக்கு 93 பேர் நிறுத்தாமலே வைத்திருந்தார்கள். தடம் விலகினால் எச்சரிக்கும் ஏற்பாட்டையோ பாதிப்பேர் நிறுத்திவிட்டிருந்தார்கள். மக்கள் தொழில்நுட்பத்தின் விரோதிகள் என்றால் முதலாவதையும் அல்லவா நிறுத்தியிருப்பார்கள்? அபூர்வமாகவும் அவசியமாகவும் பேசுவதைக் கேட்கிறார்கள். ஓயாமல் பேசுவதன் வாயை அடைக்கிறார்கள். தானாகத் தடை போடும் அந்த முதல் ஏற்பாடு, பின்னாலிருந்து மோதும் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பதையும் அதே நிலையம் கண்டிருக்கிறது.

வற்புறுத்தல் எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன்னிருக்கையில் அமர்ந்தவர் இருக்கைப் பட்டையை மாட்டினாலன்றி எஞ்சினே கிளம்பாது என்ற பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. இருக்கைமேல் வைத்த மளிகைப் பையையும் மனிதனாகப் பாவித்து அது முரண்டு பிடித்தது. ஜனங்களின் ஆத்திரம் பாராளுமன்றத்தை எட்டி, அதே வருஷம் அக்டோபரில் அத்தகைய பூட்டைக் கட்டாயமாக்குவதையே சட்டம் தடை செய்ததோடு, பட்டைக்கான மணி 8 வினாடிக்கு மேல் ஒலிக்கும்படி விதிப்பதையும் தடுத்தது. சுவீடனின் நில்ஸ் போலின் 1959-இல் அமைத்துத் தந்த மூன்று முனைப் பட்டை, மோட்டார் யுகத்தின் ஈடிணையற்ற உயிர்காக்கும் சாதனங்களில் ஒன்று. அதை அணியும்படி அமெரிக்காவிலேயே முதன்முதலாக நியூயார்க் மாநிலம் சட்டம் செய்ததோ 1984-இல். அந்தப் பூட்டு கைவிடப்பட்டதற்கும் இச்சட்டத்துக்கும் இடையே கழிந்த பத்து வருஷங்களை நினைத்தால் நெஞ்சம் கனக்கிறது. நல்ல நோக்கம் மோசமான கருவியாக வந்தால், மக்கள் கருவியோடு நோக்கத்தையும் சேர்த்தே வெறுத்துவிடுகிறார்கள்.

இடையில் அமர்ந்த அந்தச் சாதனம் நமக்கு மறுப்பதும் எச்சரிப்பதும் அன்றி, நம்மைப் பற்றிப் பிறருக்கு எழுதியும் அனுப்புகிறது. சிலிகான் சில்லுக்குள் தொங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொருள், தடை போடும்போது முன்னோக்கி அசைகிறது. அந்த அசைவை மின்னளவாக்கி, 'இத்தனை மணிக்கு, இவ்விடத்தில், இவ்வளவு கடுமையாகத் தடை போட்டார்' என்று வண்டி குறித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனக் கார்களிலிருந்து இத்தகைய குறிப்புகள், தகவல் விற்கும் நிறுவனங்களின் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சென்றதை 2024 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளிப்படுத்திற்று. அவ்வாறு பெறப்பட்ட ஒரு குடும்பத்தின் அறிக்கையில் ஆறு மாதத்தில் செய்த 640 பிரயாணங்கள் பதிவாகியிருந்தன. இருப்பிடம் மூன்று வினாடிக்கொருமுறைகூடக் குறிக்கப்பட்டது என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, அத்தகவலை அவ்வாறு தகவல் விற்கும் நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுகள் கொடுக்கலாகாது என்ற உத்தரவை 2025 ஜனவரியில் முன்மொழிந்தது. சில்லுக்குள் அசையும் அந்தச் சிறு பொருளுக்கு எவ்வளவு கடுமையாக வண்டி நின்றது என்று தெரியும். ஏன் நின்றது என்று தெரியாது. தெருவுக்குள் ஓடிவந்த சிறுவனைக் காப்பாற்றியவரும், கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்து கடைசிக் கணத்தில் விழித்தவரும் அந்தக் கணக்கில் ஒருவரே. அக்கணக்கைக் கொண்டு ஒருவரின் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்துவது அநீதி என்றே கருதுகிறேன்.

கடைசியாக, ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை. நன்கு பேணிய கார் இருபது வருஷம் ஓடும். அதற்குள் இருக்கும் கைபேசித் தொடர்புக்கோ, அதைச் செய்த நிறுவனத்துக்கோ அவ்வளவு ஆயுள் நிச்சயமில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன் மூன்றாம் தலைமுறை அலைவரிசையை மூடியபோது, எஞ்சினிலோ சக்கரத்திலோ யாதொரு பழுதும் இல்லாத பல கார்கள், தொலைவிலிருந்து இயக்கும் வசதிகளை ஒரே நாளில் இழந்தன. சிலவற்றில் விபத்தின்போது உதவி கோரும் வசதியும் போயிற்று. 2024 ஜூனில் கலிபோர்னியாவின் ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் நிறுவனம் திவாலாயிற்று. அது செய்த ஓஷன் கார்களை வாங்கியிருந்தவர்கள், மென்பொருளைத் திருத்தவோ பழுதை நீக்கவோ உரிய இடமின்றித் திகைத்து, பின்னர் தாங்களே ஒரு சங்கமாகத் திரண்டார்கள். உதிரிப் பாகங்களைத் தேடிப் பகிர்ந்தார்கள். அவர்களில் மென்பொருள் அறிந்தவர்கள், தங்கள் காரின் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் செய்திகளைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, எந்த எண் கதவைத் திறக்கிறது, எந்த எண் பாட்டரியைப் பற்றியது என்று எழுதிவைக்கத் தொடங்கினார்கள்.